விற்ற பொருளும் விடாத பிடியும்

(தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24 அன்று தஞ்சாவூரில், வாசகர்களும் விவசாயிகளும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1986ஆம் ஆண்டு இதே டிசம்பர் 24இல்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதனால்தான் இந்த நாள், இந்தக் கூட்டம். ஆனால் சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பிக்க நான் வரவில்லை. கம்பெனிகளைப் பற்றியும், அவை விற்கும் கருவிகளைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும் நம் ஊர் ஜனங்கள் அன்றாடம் என்ன பேசிக்கொள்கிறார்களோ அதை எடுத்து உரசிப் பார்க்கப் போகிறேன்.

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஐந்து தீர்ப்புகள் காதில் விழும். “காசு குடுத்தாச்சு, இனி அது நம்ம பொருள்.” இது முதலாவது. “ரிப்பேர் ஆனா அவ்வளவுதான், புதுசு வாங்கிட வேண்டியதுதான்.” இது இரண்டாவது. “பெரிய கம்பெனியோட யாரு மோதுறது?” இது மூன்றாவது. “மெஷின் பொய் சொல்லுமா?” நான்காவது. “ஓசியில குடுக்குறான், அதுல போயி என்ன கேள்வி?” ஐந்தாவது.

இவற்றில் முதல் தீர்ப்பு நாம் நம்புகிற அளவுக்கு உண்மை இல்லை. மூன்றாவது தீர்ப்பு நாம் பயப்படுகிற அளவுக்கு உண்மை இல்லை. இன்றைய பேச்சின் சாரம் இவ்வளவுதான். இதற்கு ஆதாரம் என்ன என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் டிராக்டர் வாங்கினால் சாவியைக் கையில் வாங்கியதோடு கம்பெனிக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். பம்ப் அடைத்துக்கொண்டால் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வருவார். பெல்ட் அறுந்தால் கடைத்தெருவில் வேறொரு பெல்ட் கிடைக்கும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்போது சட்டைப் பையில் இருக்கிற போனைப் பாருங்கள். கண்ணாடியும் தகடும் பேட்டரியும் உங்களுடையவை. அவற்றை இயக்குகிற மென்பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும் தரப்பட்டிருக்கிறது. அந்த அனுமதியின் நிபந்தனைகளைப் பல பக்க ஆங்கிலத்தில் காட்டினார்கள். நாம் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று தொட்டோம். அந்த ஒரு தொடலில், விற்ற பிறகும் பொருளுக்குள் வந்து மாற்றம் செய்யும் உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டோம்.

மாற்றம் என்றால் எந்த அளவுக்கு? 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, மென்பொருள் அப்டேட் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்தோம் என்றது. காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் யாரும் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது என்று நினைத்து எத்தனையோ பேர் புதுப் போனுக்குப் பணம் கட்டினார்கள். பேட்டரியை மாற்றினாலே போதும் என்று அவர்களுக்குத் தெரியாது. 2020இல் பிரான்ஸ் அரசு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. வாடிக்கையாளரிடம் மறைத்தது என்பதுதான் அங்கே குற்றம். அமெரிக்காவில் அதே ஆண்டு 50 கோடி டாலர் வரை தருவதாகச் சொல்லி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

போன் போகட்டும், நம் தொழிலுக்கு வருவோம். 2015இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் முன்னால் ஒரு வாதம் நடந்தது. டிராக்டர் வாங்கிய விவசாயி அதற்குள் இருக்கும் மென்பொருளைத் திறந்து பழுது பார்க்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. ஜான் டீர் நிறுவனம் எழுத்துமூலம் தந்த பதில், இரும்பை வாங்கியவருக்கு மென்பொருளின் மேல் உரிமை இல்லை, வண்டியின் ஆயுட்காலம் வரை ஓட்டிக்கொள்ளும் மறைமுக அனுமதிதான் உண்டு என்கிற வகையில் இருந்தது. புத்தகத்தையும் பாட்டையும் திருட்டுப் பிரதியிலிருந்து காப்பாற்ற 1998இல் போட்ட பூட்டுச் சட்டம் டிராக்டர் பானெட்டின் மேல் வந்து உட்கார்ந்த கதை இது. அந்த அக்டோபரிலேயே விவசாயிக்கு விதிவிலக்கு கிடைத்தது. ஆனால் பூட்டைத் திறக்கலாம் என்பது வேறு, சாவி கைக்கு வருவது வேறு. பழுது பார்க்கும் மென்பொருளைத் தருவதாக 2023 ஜனவரியில் நிறுவனம் விவசாயிகள் அமைப்போடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன் பிறகும் குறை தீராமல், 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது.

காசு வாங்கிக்கொண்டு ‘விற்றேன்’ என்கிறார்கள். வாங்கியவரைக் குத்தகைக்காரராக நடத்துகிறார்கள். தஞ்சைத் தரணியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உழுதவர் ஒருவர், நிலம் வேறொருவருடையது என்ற ஏற்பாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி இது. எவ்வளவு அளக்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பதை மிராசுதார் வீட்டுத் திண்ணை முடிவு செய்தது.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாளை டிசம்பர் 25. 1968இல் அந்த இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, போன் கம்பெனியின் பூட்டையும் பண்ணையாளின் துன்பத்தையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். நான் துன்பத்தை ஒப்பிடவில்லை. ‘அவன் பொருள், அவன் வைத்ததே சட்டம்’ என்றிருந்த இடத்துக்குள் சட்டம் எப்படி நுழைந்தது என்ற வழியை மட்டும் ஒப்பிடுகிறேன்.

அந்த வழி எப்படி இருந்தது? நாற்பதுகளில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் ஊர் ஊராகக் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் நெருக்குதலால், 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனியாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது. அன்றைய தஞ்சை மாவட்டம் என்றால் இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் நியாய வாரச் சட்டம், நன்செயில் நிலச் சொந்தக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வரம்பு கட்டியது. இருவருக்குள் பேசிக்கொண்ட ஒப்பந்தம்தானே, அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று அன்றைக்கும் கேட்டார்கள். பலம் ஒரே பக்கம் இருக்கும்போது அது ஒப்பந்தம் ஆகாது என்பதுதான் அந்தச் சட்டங்கள் சொன்ன பதில்.

அதோடு கதை முடியவில்லை. சட்டம் வந்த பிறகும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது எட்டவில்லை. ஏனென்றால் குத்தகை வாய்ச்சொல்லில் இருந்தது. ‘இந்த நிலத்தை நான்தான் பயிர் செய்கிறேன்’ என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவர் சட்டத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள். தனியார் ஒப்பந்தத்துக்குள் சட்டம் நுழைய முடியும், நுழைந்திருக்கிறது. ஆனால் கையில் காகிதம் இல்லாதவரை அந்தச் சட்டம் கண்டுகொள்ளாது. மீதி நான்கு தீர்ப்புகளையும் இந்த இரண்டு பாடங்களை வைத்தே பார்க்கலாம்.

‘ரிப்பேர் ஆனா அவ்வளவுதான்’ என்கிறோம். அது இயற்கையாக அப்படி ஆகவில்லை, அப்படி ஆக்கப்பட்டது. பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுவது, உதிரிப் பாகத்தைச் சொந்த சர்வீஸ் சென்டருக்கு மட்டும் கொடுப்பது, கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரை வெளி மெக்கானிக் கையில் கிடைக்காமல் செய்வது, இவை எல்லாமே யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவுகள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்கவிடாமல், கார் வாங்கியவரைத் தங்கள் டீலரிடமே திரும்பத் திரும்ப வரவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது உண்மைதான். ஆனால் வண்டியை விற்ற பிறகு பழுது பார்ப்பதையும் உன் ஏகபோகம் ஆக்கிக்கொள்ளாதே என்று ஒரு சட்ட அமைப்பு எழுதி வைத்தது.

அடுத்து 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள்: விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். விவசாயக் கருவிகள் அதில் இடம்பெற்றதைக் கவனியுங்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24இல், இதே நாளில், உதிரிப் பாக விவரமும் வாரண்டி விவரமும் கிடைக்க ஓர் இணையதளம் திறந்தார்கள். எந்தப் பொருளை எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2024இல் இன்னொரு குழு போட்டார்கள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் தகவல் தருவது ஒன்று, கட்டாயப்படுத்துவது வேறு. இவ்வளவு ஆண்டுகளுக்கு உதிரிப் பாகம் விற்றே ஆக வேண்டும், ஸ்கேனரை வெளி மெக்கானிக்குக்கும் நியாய விலையில் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற தனிச் சட்டம் இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறியாணையை 2024லேயே நிறைவேற்றி, உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூலை வரை கெடு கொடுத்தது.

டெல்டாவுக்கு ஏன் இது அவசரம்? 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புதிய புகை விதிகள் அமலில் இருக்கின்றன. அந்த அளவுக்குப் புகையைக் குறைக்க டீசல் செலுத்துவதை மின்னணுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மின்னணுப் பெட்டி வந்தால் கோளாறு எண் வரும், கோளாறு எண்ணைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் டீலரிடம் இருக்கும். அறுவடைக் காலம் நமக்கு எவ்வளவு குறுகலானது என்று நான் சொல்லத் தேவையில்லை. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசி மழையோடு போட்டி போடுகிறது. தாளடி நட்ட இடத்தில் அறுப்பு தள்ளிப் போனால் உளுந்து விதைப்பும் தள்ளிப் போகும். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும்போது பெல்ட் மிஷின் வயல் நடுவில் நின்றுவிட்டால், ‘சர்வீஸ் ஆள் நாளன்னைக்கு வருவார்’ என்ற பதிலுக்கு அர்த்தம் முளைத்த நெல். மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணே, எனக்குக் கை இருக்கு, கண்ணு இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ள பேசுறதக் கேக்க எனக்குக் காது குடுக்க மாட்டேங்குறாங்க.” சட்டம் தர வேண்டியது அந்தக் காதைத்தான்.

இனி மூன்றாவது தீர்ப்பு. ‘பெரிய கம்பெனியோட யாரு மோதுறது?’ இந்தக் கேள்வியில்தான் நாம் வழக்கமாகத் தோற்கிறோம், அதுவும் ஆட்டத்துக்கே போகாமல்.

1986 சட்டத்தை மாற்றி, 2019இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதில் விவசாயிக்கும் சாமானியருக்கும் மிகப் பெரிய வசதி ஒன்று உண்டு. கம்பெனியின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் கலிபோர்னியாவில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம்; கம்பெனியின் வக்கீல் தஞ்சாவூருக்கு வர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் சமரசத் தீர்ப்பாளரிடம்தான் போக வேண்டும்’ என்று அச்சடித்திருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

“நான் தொழிலுக்கு வாங்கின டிராக்டராச்சே, நான் நுகர்வோரா?” என்று கேட்பீர்கள். வியாபார நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டம். ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை விளக்கியது. தானே ஆட்டோ வாங்கி ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். பத்து மிஷின் வாங்கி ஆள் வைத்து வாடகைக்கு விடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

விவசாயி நேரடியாக ஜெயித்த வழக்கும் இருக்கிறது. விதை முளைக்கவில்லை, விளைச்சல் பொய்த்தது என்று ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மேல் போட்ட வழக்குகள் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தன. எதிர்த்தரப்பு அரசு நிறுவனம். அதன் வாதங்களில் ஒன்று, விதையை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவில்லையே என்பது. விதையை முழுவதும் விதைத்துவிட்ட விவசாயி, பிற்பாடு வழக்கு வரும் என்று எண்ணி ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. வயலில் நடப்பது தெரிந்த தீர்ப்பு.

இதெல்லாம் இருந்தும் ஜனங்கள் ஏன் தயங்குகிறார்கள்? மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் கணக்குச் சொன்னாலும், நடைமுறையில் வழக்கு இழுக்கிறது. இது நியாயமான குறை. இன்னொரு ஓட்டை, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டும் கொடுத்திருக்கிறது. பழுதான போனுக்குத் தஞ்சாவூர் போதும். அந்தப் போனோடு வந்த அநியாய நிபந்தனையைக் கேள்வி கேட்க மேலே ஏற வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை, கையில் பில் இல்லாதது. “பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும், வேண்டாம்னா கொறச்சுத் தரேன்” என்று கடைக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். 1969க்கு முன் சீட்டு இல்லாமல் நின்ற குத்தகைதாரரின் இடத்துக்கு நாமே நடந்து போகிறோம். பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சேர்த்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எழுதவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே கெடு வைக்கிறது. ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று சுவரில் பலகை மாட்டியிருக்கிறார்களே, பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மரியாதை இல்லை.

“ஒரு ஆள் புகார் குடுத்து என்ன ஆகும்?” என்பது இதன் தொடர்ச்சி. தனிப் புகார் தனியாகவே நிற்பதில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நிறுவனத்தைப் பற்றி ஓராண்டில் 10,644 புகார்கள் அந்த எண்ணுக்குப் போயின. அந்தக் குவியலை வைத்துத்தான் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு அந்த நிறுவனம் வந்ததே, அது தனித்தனியாக போன் எடுத்துப் பேசிய ஆயிரக்கணக்கானவர்களின் வேலை.

நான்காவது தீர்ப்பு, ‘மெஷின் பொய் சொல்லுமா?’ இதற்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. சாதாரணமாக ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். மழை பெய்த பருவங்களில் 19, 20 என்று மத்திய அரசு தளர்த்தியதும் உண்டு. ஒரு சதவீதத்தில் நெல் திரும்பக் களத்துக்குப் போகலாம், மறுபடி நனையலாம். அந்த ஒரு சதவீதத்தைச் சொல்கிற கருவி நெல்லின் மின் தன்மையை அளந்துதான் ஈரத்தைக் கணக்குப் போடுகிறது. நெல்லின் ரகம், சூடு இரண்டும் கணக்கை அசைக்கும். அவ்வப்போது சரிபார்க்காத கருவி பொய் சொல்லாது, தப்பாகச் சொல்லும். நெல்லுக்குச் சொந்தக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் விவசாயி வாங்குகிறவர் அல்ல, விற்கிறவர். ஆகவே நுகர்வோர் சட்டம் அங்கே உதவாது. உதவுவது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் அதைச் செய்கிறார்கள். சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. தராசைப் பார்த்து ‘முத்திரை எங்கே?’ என்று கேட்கும் அதே வாய், ஈரப்பதமானியைப் பார்த்து ‘கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும். பணிவாகவே கேட்கலாம், அங்கே நிற்கிற பட்டியல் எழுத்தரும் அந்தக் கருவியைச் செய்தவர் இல்லை.

ஐந்தாவது, ‘ஓசியில குடுக்குறான்.’ நம் ஜனங்களின் இந்தக் கருத்தை நுகர்வோர் சட்டமும் ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறது. இலவசமாகத் தரப்படும் சேவை அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஆனால் வாட்ஸப் காசு கேட்கவில்லை என்பதால் விலை இல்லை என்று ஆகிவிடாது. யாரோடு பேசுகிறோம், எங்கே இருக்கிறோம், எதை வாங்குகிறோம் என்ற விவரம்தான் விலை. இதைத்தான் போட்டி ஆணையம் வேறு வாசல் வழியாகப் பிடித்தது. ஆண்ட்ராய்டு போன்களில் தன் செயலிகளைக் கட்டாயமாக ஏற்றிவிட்ட கூகுளுக்கு 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம். ஏற்றுக்கொள், இல்லையென்றால் விலகிப் போ என்று 2021இல் தனியுரிமைக் கொள்கையை மாற்றிய வாட்ஸப்புக்காக, அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி. இரண்டு வழக்கும் மேல்முறையீட்டுக்குப் போயின.

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமும் 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலாக அந்த விதிகள் 18 மாதம் அவகாசம் தந்தன. அதில் நமக்கு நல்லது ஒன்று இருக்கிறது: ஒப்புதல் கேட்கும்போது, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வசதி தர வேண்டும். அதாவது தமிழில் கேட்க வேண்டும். உறுத்துவதும் ஒன்று இருக்கிறது. கம்பெனி தவறு செய்தால் 250 கோடி வரை அபராதம் போடலாம். அது அரசுக் கருவூலத்துக்குப் போகும், தரவை இழந்தவருக்கு இழப்பீடு என்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் அற்பமான புகார் கொடுத்தார் என்று முடிவானால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உழுதவருக்கு ஒன்றும் இல்லாமல் களத்து மேட்டிலேயே பங்கு பிரிந்துபோகிற ஏற்பாடு இது. நிலத்தோடும் ஆதாரோடும் இணைத்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் இந்தக் காலத்தில், இந்தப் பங்கீட்டை நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். வீட்டளவில் ஒன்றே ஒன்று: எந்தக் கருவி வாங்கினாலும் பில்லும் வாரண்டிச் சீட்டும் பட்டா இருக்கிற பெட்டியில் இருக்கட்டும். கேட்க வேண்டியது அரசிடம்தான், அதற்கு மூன்று கோரிக்கைகள் சொல்கிறேன். பழுதுபார்க்கும் உரிமை இணையதளமாக நிற்காமல் சட்டமாக வேண்டும். அதில் விவசாயக் கருவிகள் முதல் தவணையிலேயே வர வேண்டும். ஸ்கேனரும் உதிரிப் பாகமும் கையேடும் வெளி மெக்கானிக்குக்கு நியாய விலையில் கிடைக்க வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் கருவியின் உரிம நிபந்தனை தமிழில் இருக்க வேண்டும்.

இவற்றை மேடையில் கைதட்டி வாங்க முடியாது. ஜனவரி 26 குடியரசு தினத்தன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். சாலை, விளக்கு, குடிதண்ணீர் தீர்மானங்களோடு, விவசாயக் கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கேட்டு ஒரு தீர்மானத்தையும் எழுதுங்கள். பக்கத்து ஊரிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட வைத்த டெல்டாவுக்கு, ஒரு நாட்டுக்குச் சட்டம் கேட்கும் தகுதி நிச்சயமாக உண்டு. தீர்மான நகலில் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அதுவும் நமக்கு ஒரு பில்தான்.